குழந்தையின் முணுமுணுப்பைக் கேட்ட மேதை

நாலு வயதுக் குழந்தை ஒன்று மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் அதன் வாய் ஓய்வதில்லை. இது இங்கே, அது அங்கே, ஐயையோ விழுந்துவிட்டதே என்று தனக்குத்தானே ஏதேதோ சொல்லிக்கொள்கிறது. பெரியவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சில வீடுகளில், வாயை மூடிக்கொண்டு விளையாடு என்று அதட்டுவதும் உண்டு.

மனிதனின் சிந்தனை உருவாகும் ஓசையே அந்த முணுமுணுப்பு என்று கண்டு சொன்னார் ஒருவர். அவர்தான் ருஷ்ய நாட்டு மனோதத்துவ மேதை லெவ் வைகாட்ஸ்கி. அவர் உயிர் வாழ்ந்தது 37 ஆண்டுகள். மனோதத்துவத் துறையில் முழு மூச்சாக உழைத்தது பத்தே ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளும் க்ஷயரோகம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. கண்மூடிய இரண்டாம் ஆண்டில் அவருடைய எழுத்துக்களும் இருட்டறைக்குள் தள்ளப்பட்டன. ஆயினும் இன்று தமிழ்நாடு உட்பட உலகின் பல பகுதிகளில், ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் அவர் பெயரைப் படிக்காமல் பரீட்சைக்குப் போவதில்லை.

பேச்சு நிறைந்த வீடு

1896-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, இன்று பெலாருஸ் நாட்டில் உள்ள ஓர்ஷா என்ற ஊரில், ஒரு யூதக் குடும்பத்தில் லெவ் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கோமெல் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தை செம்யோன் பாங்கில் பொறுப்பான உத்தியோகம் பார்த்தார். தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஆனால் எட்டுக் குழந்தைகளை வளர்ப்பதே அந்த அம்மையாருக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

மாலை நேரங்களில் தேநீர் கொதிக்கும் மேஜையைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் உட்காரும். நாடகம், சரித்திரம், கவிதை என்று எதைப் பற்றியும் பேச்சு நடக்கும். சிறுவர்கள் கேட்கலாம், மறுக்கலாம், வாதாடலாம். சிறுவன் லெவ் முதலில் பள்ளிக்கூடம் போகவில்லை. சாலமன் ஆஷ்பிஸ் என்ற உபாத்தியாயர் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அரசாங்கத்துக்கு விரோதமான இயக்கத்தில் சேர்ந்து சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டு வந்தவர் அவர். பாடத்தை அவர் ஒப்பிக்கச் சொல்வதில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டு, பிள்ளை தானே விடையைக் கண்டுபிடிக்கும்படி செய்வார். பிறரோடு பேசிப் பேசித்தான் ஒருவனுக்குச் சொந்தமாகச் சிந்திக்க வருகிறது என்று பிற்காலத்தில் உலகுக்குச் சொன்னவர், அதைத் தம் வீட்டிலேயே அனுபவித்து வளர்ந்தார்.

சீட்டுக் குலுக்கலில் கிடைத்த படிப்பு

ஜார் மன்னரின் ஆட்சியில் யூதர்களுக்குப் பல தடைகள் இருந்தன. மேற்கு மாகாணங்களைத் தாண்டி அவர்கள் விருப்பம்போல் குடியேற முடியாது. மாஸ்கோ பல்கலைக் கழகத்தில் நூற்றுக்கு மூன்று இடங்களே யூத மாணவர்களுக்கு. தங்கப் பதக்கம் வாங்கியவர்களுக்கு அந்த இடம் நிச்சயம் என்பது அதுவரை இருந்த நிலை. லெவ் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிய 1913-ஆம் ஆண்டில் அதிலும் மண் விழுந்தது. இனிமேல் மதிப்பெண் பார்க்க வேண்டாம், சீட்டுக் குலுக்கி எடுத்தால் போதும் என்று உத்தரவு வந்தது. இளைஞர் மனம் உடைந்து போனார். தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் அதனால் பயன் இல்லை. கடைசியில் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. குலுக்கலில் அவர் பெயரே வந்தது!

பெற்றோரின் விருப்பப்படி வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். ஒரு மாதத்தில் சட்டப் படிப்புக்கு மாறினார். வக்கீலானால் யூதனும் தலைநகரில் குடியிருக்கலாம். ஆனால் மனம் இலக்கியத்திலும் தத்துவத்திலும் கிடந்தது. ஆகவே, மாஸ்கோவில் ஷன்யாவ்ஸ்கி என்பவர் பெயரால் நடந்த மக்கள் பல்கலைக் கழகத்திலும் அதே சமயத்தில் சேர்ந்து, சரித்திரமும் தத்துவமும் பயின்றார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றி 20-ஆவது வயதில் அவர் எழுதிய ஆராய்ச்சி, பிற்காலத்தில் நூலாக வெளிவந்தது.

1917-இல் புரட்சி வெடித்தது. யூதர்கள்மீது இருந்த தடைகள் நீங்கின. வைகாட்ஸ்கி கோமெல் நகரத்துக்குத் திரும்பினார். அங்கே காத்திருந்தது துயரம். ஒரு தம்பி க்ஷயரோகத்துக்கும் இன்னொரு தம்பி விஷ ஜுரத்துக்கும் பலியாயினர். தம்பிக்குப் பணிவிடை செய்த அண்ணனையும் க்ஷயம் விடவில்லை. 1920-இல் அவர் படுத்த படுக்கையானார். அந்நாளில் அந்நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. எழுந்து நடமாட முடிந்ததும் அவர் மீண்டும் வகுப்பறைக்குப் போனார். இலக்கியம் போதித்தார், மனோதத்துவம் போதித்தார், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சிறிய சோதனைக்கூடம் ஒன்றும் அமைத்தார்.

ஒரே சொற்பொழிவு

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பெட்ரோகிராட் நகரில் மனோதத்துவ நிபுணர்களின் மகாநாடு. நாய்க்குச் சோறு காட்டி மணியடித்தால் பிறகு மணியோசைக்கே எச்சில் ஊறும் என்று பாவ்லவ் காட்டியிருந்த காலம் அது. மனிதனின் மனத்தையும் அதே கணக்கில் தீர்த்துவிடலாம் என்று பலர் நம்பினர். அந்தச் சபையில் 27 வயது இளைஞர் ஒருவர் எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. மனிதனுக்கு உணர்வு என்று ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டு மனோதத்துவம் பேச முடியாது என்று அடுக்கடுக்காக எடுத்துரைத்தார். சபையில் இருந்த அலெக்ஸாண்டர் லூரியா என்ற இளம் விஞ்ஞானி மெய்ம்மறந்து போனார். மாகாணத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த இந்த ஆசிரியரை மாஸ்கோ மனோதத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அழைப்பு வந்தது.

அதே ஆண்டில் ரோஸா ஸ்மெகோவாவை வைகாட்ஸ்கி மணந்தார். இளந்தம்பதிக்குக் கிடைத்த இடம், ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில் ஓர் அறை. 1925-இல் மூத்த மகள் கீதாவும் 1930-இல் இளைய மகள் ஆஸ்யாவும் பிறந்தனர். லூரியாவும் லியோன்டியேவ் என்பவரும் அவருடன் சேர்ந்து உழைத்தனர்.

காது கேளாத குழந்தைகளின் நண்பர்

உலகப் போர், உள்நாட்டுப் போர், பஞ்சம் ஆகிய மூன்றும் ருஷ்யாவில் லட்சக் கணக்கான குழந்தைகளைத் தெருவில் நிறுத்தியிருந்தன. குருடர், செவிடர், அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வியை வைகாட்ஸ்கி ஏற்றுக்கொண்டார். 1925-இல் லண்டன் நகரில் செவிடர் கல்வி பற்றி நடந்த சர்வதேச மகாநாட்டுக்கும் போய்வந்தார். அவர் வெளிநாடு சென்றது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

கண்ணோ காதோ பழுதாவதைவிடப் பெரிய ஊனம் ஒன்று உண்டு என்று அவர் கருதினார். மனிதரோடு கலந்து பழக வழியற்றுப் போவதே அது. பார்வையற்ற குழந்தை தொட்டுப் படிக்கும் எழுத்தின் மூலம் உலகத்தை அடைந்துவிடும். காது கேளாத குழந்தையோ, மொழியே கிடைக்காவிட்டால், எல்லோருக்கும் நடுவில் இருந்தும் தனியாகிவிடும். அந்தக் காலத்தில் இத்தகைய குழந்தைகளுக்கு வாயசைத்துப் பேசப் பழக்குவதே சிறந்தது என்று பலர் எண்ணினர். வைகாட்ஸ்கியும் முதலில் அப்படியே எண்ணினார். பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார். கைகளால் பேசும் சைகை மொழியும் மொழிதான், அதை அடக்கக் கூடாது என்று 1930-களின் தொடக்கத்தில் எழுதினார். இளம் வயதில் சைகை மொழியோ பேச்சு மொழியோ எதுவும் கிட்டாத குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது என்பது இன்று நிபுணர்கள் ஒப்புக்கொள்ளும் உண்மை.

லண்டனிலிருந்து திரும்பியதும் நோய் முற்றியது. அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்தை, சபையில் வாதாடும் சடங்கு இல்லாமலே வழங்க வேண்டியதாயிற்று. சுமார் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோயாளிகள் நிறைந்த கூடத்தில் படுத்தபடியே மனோதத்துவத்தின் அடிப்படைகளைப் பற்றி நூல் எழுதினார்.

உடைந்த டிராம் வண்டி

ஜெனீவா நகரில் ழான் பியாஜே என்ற நிபுணர் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 1923-இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். இவரும் 1896-இல் பிறந்தவரே. சிறு குழந்தைகள் யாரிடமும் இல்லாமல் தமக்குத்தாமே பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். மற்றவர் நிலையிலிருந்து பார்க்கத் தெரியாத வயதின் அடையாளம் இது, வயது ஏற ஏற இது தேய்ந்து மறைந்துவிடும் என்று முடிவு கட்டினார்.

வைகாட்ஸ்கிக்கு அந்த முடிவு திருப்தியளிக்கவில்லை. அவரும் துணைவர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். குழந்தையைப் படம் வரையச் சொல்வார்கள். பாதியில் பார்த்தால் காகிதம் இருக்காது. அல்லது தேவையான வர்ணப் பென்சில் இருக்காது. இப்படி இடையூறு வந்ததும் குழந்தையின் தனிப்பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது! பென்சில் எங்கே, இல்லாவிட்டால் போகட்டும், தண்ணீர் தொட்டு வரைந்தால் கறுப்பாகத் தெரியும் என்கிற ரீதியில் குழந்தை தனக்குத்தானே யோசனை சொல்லிக்கொண்டது.

ஐந்தரை வயதுப் பையன் ஒருவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தான். சக்கரம் போடும்போது பென்சில் முனை ஒடிந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தான். காகிதம் குழிந்ததே தவிரக் கோடு விழவில்லை. உடைந்துபோச்சு என்று முணுமுணுத்தான். பென்சிலை வைத்துவிட்டு வர்ணத் தூரிகையை எடுத்தான். விபத்தில் சிக்கி உடைந்த டிராம் வண்டி ஒன்றை வரையலானான்! தற்செயலாக வாயில் வந்த ஒரு சொல் அவன் வேலையையே திருப்பிவிட்டது.

இதிலிருந்து வைகாட்ஸ்கி ஓர் உண்மையைக் கண்டார். தனிப்பேச்சு என்பது குழந்தை உரக்கச் சிந்திப்பது. முதலில் தாய் குழந்தையிடம் பேசுகிறாள். குழந்தை தாயிடம் பேசுகிறது. பிறகு அதே பேச்சைக் குழந்தை தன்னிடமே திருப்பிக்கொண்டு, தனக்கே கட்டளையிட்டுக்கொள்கிறது. நாளடைவில் அந்தப் பேச்சு முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, ஓசையற்று உள்ளே போய்விடுகிறது. மறைந்துவிட்டதாக நாம் நினைப்பது மனத்துக்குள் குடிபுகுந்திருக்கிறது. பெரியவர்கள் வாய் திறவாமல் யோசிக்கிறார்களே, அந்த யோசனையின் பெரும்பகுதி இப்படி உள்ளே போன பேச்சுத்தான்.

இன்னொரு சோதனையும் நடந்தது. காது கேளாத குழந்தைகளின் நடுவிலும், வேறு பாஷை பேசும் குழந்தைகளின் நடுவிலும் குழந்தையை விட்டுப் பார்த்தார்கள். தனிப்பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. தான் சொல்வது பிறருக்குப் புரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குழந்தை தனக்காகவும் பேசிக்கொள்கிறது. பேச்சு பிறந்த இடம் உறவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கொம்பு முளைத்த நாய்

பேச்சு வருமுன் குழந்தைக்கு அறிவே இல்லை என்று வைகாட்ஸ்கி சொல்லவில்லை. பேச்சில்லாத மனிதக் குரங்கும் பெட்டிமேல் பெட்டி அடுக்கி ஏறி வாழைப்பழம் பறிக்கிறது. சிந்தனையற்ற பேச்சும் உண்டு; பச்சைக் குழந்தையின் மழலை அத்தகையது. இந்த இரண்டு ஓடைகளும் ஏறக்குறைய இரண்டு வயதில் ஒன்று கூடுகின்றன என்றார் அவர். அப்போதுதான் குழந்தை கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி, இது என்ன, இது என்ன என்று பெரியவர்களைத் துளைத்தெடுக்கிறது.

சுட்டிக்காட்டும் விரலுக்கும் ஒரு கதை உண்டு. எட்டாத பொருளைப் பிடிக்கக் குழந்தை கையை நீட்டுகிறது. பொருள் கிடைப்பதில்லை, ஆனால் தாய் ஓடிவருகிறாள், எடுத்துத் தருகிறாள். கை நீட்டினால் பொருள் வரும் என்பதைவிட, கை நீட்டினால் அம்மா வருவாள் என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. வீணாய்ப் போன அசைவு, தாய் அதற்குப் பொருள் கொடுத்ததால், பேச்சுக்குச் சமமான சுட்டுதல் ஆகிவிடுகிறது.

சிறு குழந்தைக்குச் சொல்லும் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். விளையாட்டுக்கு நாயைப் பசு என்று சொல்லலாம் என்று குழந்தையிடம் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பசுவுக்குக் கொம்பு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றது குழந்தை. அது உண்மையில் நாய் அல்லவா என்று மடக்கினார்கள். குழந்தை அசையவில்லை. பசு என்று பெயர் வைத்தபிறகு கொம்பு இல்லாமல் எப்படி, சின்னக் கொம்பாவது இருக்கத்தான் வேண்டும் என்று சாதித்தது! பெயர் வேறு, பொருள் வேறு என்று பிரித்துணரக் குழந்தைக்குக் காலம் வேண்டும். வார்த்தை வந்துவிட்டதால் அதன் கருத்தும் முழுதாக வந்துவிட்டது என்று ஆசிரியர்கள் ஏமாறக் கூடாது என்பது இதில் உள்ள பாடம். பிள்ளை பாடத்தை ஒப்பித்துவிடும். ஆனால் சொல்லின் கருத்து பள்ளிப் பருவம் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அந்நிய பாஷை கற்பதைப் பற்றியும் அவர் சிந்தித்தார். தாய்மொழியில் ஏற்கெனவே கைவந்த கருத்துக்களின்மேல்தான் இரண்டாவது மொழி ஏறி நிற்கிறது. முறையாகக் கற்றால் அந்த இரண்டாவது மொழியும் தாய்மொழியைத் தெளிவாக உணரத் துணை செய்யும் என்பது அவர் கருத்து.

ஒரே அளவு, இரு குழந்தைகள்

அறிவை அளக்கும் பரீட்சைகள் அக்காலத்தில் பெருகின. இரண்டு பிள்ளைகளைப் பரீட்சித்தால் இருவருக்கும் எட்டு வயது அறிவு என்று வருகிறது. இருவரும் சமம் என்று ஏட்டில் எழுதி மூடிவிடுவார்கள். வைகாட்ஸ்கி அங்கே நிறுத்தவில்லை. கொஞ்சம் கைகொடுத்துப் பார்க்கலாமே என்றார். முதல் படியைக் காட்டினார். ஒரு கேள்வியைத் தூண்டுதலாகப் போட்டார். ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கைப் போட்டுவிட்டது. மற்றது ஒன்பதோடு நின்றது. அப்படியானால் இருவரும் சமமா?

தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை அண்மை வளர்ச்சி மண்டலம் என்று தமிழில் சொல்லலாம். இன்று துணையோடு செய்வதைக் குழந்தை நாளை தனியாகச் செய்யும். பழுத்த பழத்தை மட்டும் எண்ணாமல், மொட்டையும் பூவையும் பார்ப்பவரே நல்ல தோட்டக்காரர். ஆசிரியரும் அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மந்த புத்தி என்று பின் பெஞ்சிக்குத் தள்ளப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு வாழ்வளிக்கக் கூடிய கருத்து இது.

படுக்கையில் முடிந்த நூல்

கடைசி ஆண்டுகளில் மாஸ்கோ, லெனின்கிராட், கார்கோவ் என்று மூன்று நகரங்களுக்கும் ரெயிலில் அலைந்தார். பகலெல்லாம் வகுப்பு, நோயாளிகள், குழந்தைகள். எழுத்து வேலை இரவில்தான். மூளையையும் அறிய வேண்டும் என்று, 35 வயதை நெருங்கும்போது வைத்தியக் கல்லூரியிலும் மாணவராகச் சேர்ந்தார். 1931-லும் 1932-லும் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய், எழுத்தறிவு மனிதரின் சிந்தனையை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தார். திட்டம் வகுத்ததில் பங்குகொண்ட வைகாட்ஸ்கியால் உடன் செல்ல முடியவில்லை. உடம்பு இடம் கொடுக்கவில்லை.

நாட்கள் எண்ணப்படுகின்றன என்பது அவருக்குத் தெரியும். சிந்தனைக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றிய தம் நூலை முடிக்க விரைந்தார். சில அத்தியாயங்கள் முன்பே எழுதியவை. கடைசி அத்தியாயத்தை எழுதக் கைக்கு வலுவில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிக்கொண்டனர். உள்ளே ஓடும் சிந்தனை வெளியே சொல்லாக வடிவெடுப்பது எவ்வளவு சிரமம் என்பதே அந்த அத்தியாயத்தின் பொருள்.

1934 மே மாதம் வேலை செய்துகொண்டிருந்தபோது இரத்த வாந்தி எடுத்தார். ஜூன் 11-ஆம் தேதி மாஸ்கோ அருகே ஆரோக்கிய நிலையம் ஒன்றில் உயிர் நீத்தார். அப்போது மூத்த மகளுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு நாலு வயது. நூல் அச்சாகி வந்தது அந்த ஆண்டின் இறுதியில். ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை.

மீண்டும் ஒலித்த குரல்

1936 ஜூலை 4-ஆம் தேதி சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் கமிட்டி, குழந்தை வளர்ச்சி ஆராய்ச்சி என்ற துறையையே கண்டித்து உத்தரவிட்டது. வைகாட்ஸ்கியின் நூல்கள் நூலக அலமாரிகளிலிருந்து இறங்கின. இருபது ஆண்டுகள் அவர் பெயர் வெளியில் கேட்கவில்லை. மனைவியும் மகள்களும் கையெழுத்துப் பிரதிகளைக் காப்பாற்றி வைத்தனர். நண்பர்கள் நினைவில் காத்தனர். ஸ்டாலின் மறைந்தபின், 1956-இல் நூல் மறுபடியும் அச்சேறியது. 1962-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜெனீவாவில் 66 வயதை நெருங்கிய பியாஜே அதைப் படித்தார். தம்மை மறுத்தவர் இறந்து பல காலம் ஆகிவிட்டதை எண்ணி வருந்தினார். தனிப்பேச்சே உட்பேச்சாகிறது என்ற விஷயத்தில் வைகாட்ஸ்கி சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டார். ஒரே ஆண்டில் பிறந்த அந்த இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. 1980-களில் வைகாட்ஸ்கியின் எழுத்துக்கள் ருஷ்ய மொழியில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. கீதா தந்தையின் வழியிலேயே மனோதத்துவம் பயின்று, அவருடைய வரலாற்றை எழுதுவதிலும் பங்குகொண்டார்.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. அவருடைய சோதனைகள் சிறியவை. குறிப்புக்கள் பல அரைகுறையாக நின்றுவிட்டவை. பேச்சு வருமுன்பே கைக்குழந்தைக்கு இவ்வளவு அறிவு உண்டா என்று வியக்கும்படி பின்வந்தவர்கள் பல செய்திகளைக் கண்டிருக்கிறார்கள். எனினும் மையமான கருத்து அசையவில்லை. வேலை கடினமாகும்போது குழந்தையின் தனிப்பேச்சு பெருகுகிறது என்றும், பள்ளி வயதில் அது மெல்ல மெல்ல ஓசை அடங்கி உள்ளே போகிறது என்றும் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

குழந்தைக்குச் சோறும் துணியும் எவ்வளவு தேவையோ, முகம் பார்த்துப் பேசும் ஒரு மனிதரும் அவ்வளவு தேவை. இது பணக்காரர் வீட்டுக்கு மட்டும் உரிய செல்வம் அன்று. சோறு ஊட்டும்போது பேசலாம். துணி துவைக்கும்போது பேசலாம். கடைக்குக் கூட்டிப் போகும்போது பேசலாம். குழந்தை கேட்கும் ஆயிரம் கேள்விகளுக்கு அலுக்காமல் விடை சொல்லலாம். இன்று குழந்தையோடு பேசும் பேச்சு நாளை அதன் மனத்துக்குள் சிந்தனையாக ஓடும். மூச்சு வாங்க முடியாமல் கிடந்த ஒரு மனிதர், வாய்வழி சொல்லி எழுதவைத்துவிட்டுப் போன செய்தி இதுவே.